இது என்ட பிள்ளைக்கோ, உங்கட படிப்புக்கோ?

(எங்கட கடைசிச் சந்திப்பில் நான் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். கேள்வி நேரத்தில் தோழர்கள் கேட்டதில் ஒன்றிரண்டை உள்ளே சேர்த்திருக்கிறேன்.)



முதலே சொல்லிவிடுறன், என்ட தமிழ் சனிக்கிழமைத் தமிழ். லண்டனில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டோட நிண்ட பிள்ளை நான். அதனால இண்டைக்குக் கதைக்கப் போற விஷயத்துக்கு எனக்குச் சொல் கிடைக்காத இடங்கள் வரும். அந்தச் சொல் கிடைக்காததில இருந்துதான் இந்தப் பேச்சே தொடங்குது.

போன வருஷம் படிப்புச் செலவுக்காக ஒரு ஆஸ்பத்திரியில் பகுதிநேர வேலை செய்தேன். அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறதுக்கு முதல், அவர்களுடைய எலும்பில் எவ்வளவு கனிமம் சேர்ந்திருக்கு என்று ஸ்கான் எடுத்து அளப்பது. என்னுடைய வேலை, தமிழ்த் தாய்மாருக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளங்கப்படுத்துவது. மொழிபெயர்ப்பாளர் என்று எனக்குப் பேர் கூட இல்லை. தமிழ் கதைக்கத் தெரியும் என்று சொன்னதால் தந்த வேலை.

முதல் நாள் இரவு வீட்டில் அம்மாவை வைத்துப் பயிற்சி எடுத்தேன். "பிள்ளையின்ட உடம்பில இருக்கிற கனிமத்தை அளக்கப் போறம்" எண்டு சொன்னன். அம்மா அடுப்பில இருந்து திரும்பிப் பார்த்தா. "கனிமமோ? புல்மோட்டையில மண்ணுக்க தோண்டுறதே, அதோ?" எண்டா. சிரிச்சிட்டு விட்டம். ஆனால் அம்மா சொன்னது பிழையில்லை. பிள்ளையின் உடம்பும் அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு வகையில் தோண்டி எடுக்கிற இடமாகத்தான் இருந்தது. பிறகு "எலும்புச் சத்து" எண்டு மாத்தினன். அது சரியான மொழிபெயர்ப்பில்லை, ஆனால் விளங்கும்.

அடுத்த நாள் வார்டில் ஒரு அக்கா. அவவின் பிள்ளை ஏழு கிழமை முந்திப் பிறந்தது. நான் படிவத்தை விளங்கப்படுத்தினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆராய்ச்சித் தாதி கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்தக் கிழமைக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருந்தது. அக்கா பேனையை வாங்கி, கையெழுத்தும் வைத்துவிட்டு, அதுக்குப் பிறகுதான் கேட்டா:

"தங்கச்சி, இது என்ட பிள்ளைக்கோ, உங்கட படிப்புக்கோ?"

நான் "ரெண்டுக்கும்தான் அக்கா" எண்டன்.

அது பொய். அந்த ஸ்கானில் என்ன இலக்கம் வந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற பாலிலோ மருந்திலோ ஒன்றும் மாறாது என்று படிவத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தது. நான் அதை வாசித்திருந்தேன்.

இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முதல், அந்த இலக்கங்கள் எங்கேயிருந்து வந்தவை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். எனக்கு இதில் சொந்த அக்கறையும் இருக்கு. என்ட தம்பி இருபத்தெட்டாவது கிழமையில் பிறந்தவன்.

ஒரு பிள்ளை மாதம் நிறைந்து, மூன்றரைக் கிலோவில் பிறக்குது என்று வையுங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலாக்கினால் மிஞ்சுவது ஏறத்தாழ நூறு கிராம். ஒரு சின்னக் கிண்ணம் நிறையாது. அதில் கல்சியம் 28 கிராம் அளவு, பொஸ்பரஸ் 16 கிராம் அளவு, மக்னீசியம் ஒரு கிராமுக்கும் குறைவு. இரும்பு கால் கிராம். நாகம் வெறும் 50 மில்லிகிராம் அளவு. கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில் இருக்கு.

இந்த இலக்கங்களை இண்டைக்கு எந்தப் பாடப்புத்தகத்தில் பார்த்தாலும் ஒரு வரியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் "எரித்தால்" என்று நான் சொன்னது உவமை இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் உடம்புக்குள் எத்தனை கிராம் கல்சியம் என்று பார்க்க அந்தக் காலத்தில் வழி இருக்கேல்லை. இறந்து பிறந்த பிள்ளைகளையும், பிறந்து கொஞ்ச நேரத்தில் இறந்த பிள்ளைகளையும் எடுத்து, நிறுத்து, உலர்த்தி, கொழுப்பைப் பிரித்தெடுத்து, உலையில் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்தில் கரைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியில் 1877-இல் ஃபேலிங் என்பவர் செய்தார். 1900-ஐ ஒட்டி காமரரும் சோல்ட்னரும் செய்தார்கள். பிரித்தானியாவில் எல்சி விடோசன் செய்தார். விடோசனும் ஸ்ப்ரேயும் 1951-இல் வெளியிட்ட மனிதக் கருவின் வேதியியல் அமைப்புப் பற்றிய கட்டுரை இண்டைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

விடோசனைப் பற்றி ஒரு நிமிஷம். எனக்கு அவரில் மரியாதையும் இருக்கு, கோபமும் இருக்கு. பெண்களுக்கு ஆய்வுகூடத்தில் இடம் கிடைப்பதே அரிதான காலத்தில் வந்தவர். மக்கான்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து, உணவுகளின் சத்து அட்டவணையை 1940-இல் புத்தகமாகப் போட்டவர். போர்க்கால ரொட்டி மாவில் சுண்ணாம்புத் தூள் கலந்ததற்கு அவர்களுடைய ஆய்வும் ஒரு காரணம். இந்த நாட்டு வெள்ளை ரொட்டியில் அது இன்னும் இருக்கு, நாங்கள் எல்லாரும் சாப்பிடுறம். மற்றவர்களில் பரிசோதிக்கிறதுக்கு முதல் தங்களில் பரிசோதிக்க வேணும் என்பது அந்த இரண்டு பேரின் கொள்கை. 1930களில் ஸ்ட்ரொன்சியம் உப்பைத் தங்கள் நரம்பில் தாங்களே ஏற்றிக்கொண்டு, கடும் காய்ச்சலில் விழுந்து எழும்பினவர்கள். உடம்பு ஸ்ட்ரொன்சியத்தை எப்படி வெளியேற்றுகிறது என்று பார்க்கத்தான் அது. ஸ்ட்ரொன்சியம் என்ற பேரை ஞாபகம் வைத்திருங்கள், திரும்ப வரும்.

அப்படித் தன் உடம்பை முதலில் கொடுத்த ஒருவர்கூட, இறந்து பிறந்த பிள்ளையின் உடம்பு என்று வரும்போது அவர் காலத்து வழக்கத்துக்குள்தான் வேலை செய்தார். என்ன வழக்கம்? இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அப்போதெல்லாம் இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமலே கொண்டுபோய்விடுவது சாதாரணம். பார்த்தால் மனம் தாங்காது என்று சொல்வார்கள். பலருடைய பிள்ளைகள் பொதுக் குழிகளில், தாய் தகப்பன் இல்லாமல் புதைக்கப்பட்டார்கள். எங்கே என்று தெரியாமல் எழுபது எண்பது வயது வரை தேடின தாய்மார் இருக்கிறார்கள். தாய்க்கே காட்டாத ஒரு உடம்பைப் பற்றித் தாயிடம் அனுமதி கேட்கிற பேச்சுக்கு இடமில்லை.

இந்தியாவிலும் நடந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆப்தேயும் லீலா ஐயங்காரும் செய்து, 1972-இல் பிரித்தானிய ஊட்டச்சத்து இதழில் வெளிவந்த ஆய்வு. தாய்மார் எல்லாரும் வறிய பெண்கள். அதன் நோக்கம் நல்லது. மேற்கு நாட்டுப் பிள்ளைகளின் கணக்கை வைத்து எங்கட பிள்ளைகளை அளக்கக் கூடாது, தாயின் பசி பிள்ளையின் உடம்பில் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று பார்க்க வேணும் என்பது. நியாயமான கேள்வி. ஆனால் பசியை நிரூபிப்பதற்கும் அந்த ஏழைத் தாய்மாரின் இறந்த பிள்ளைகள்தான் தேவைப்பட்டார்கள்.

இப்ப ஸ்ட்ரொன்சியத்துக்கு வருவோம்.

1950களில் அமெரிக்கா, சோவியத், பிரித்தானியா மூன்றும் அணுகுண்டுகளைத் திறந்த வெளியில் வெடித்துக்கொண்டிருந்தன. வெடிப்பில் உண்டாகிற பொருள்களில் ஒன்று ஸ்ட்ரொன்சியம் 90. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 வருஷம் எடுக்கும். வேதியியலில் அது கல்சியத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. உடம்பு இரண்டையும் சரியாகப் பிரித்தறியாது. புல்லில் விழும், மாடு தின்னும், பாலில் வரும், தாய் குடிப்பாள், வளர்கிற பிள்ளையின் எலும்பில் கல்சியம் என்ற பேரில் போய்க் குந்திவிடும்.

1953-இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு இதை உலகம் முழுக்க அளக்க ஒரு இரகசியத் திட்டம் தொடங்கியது. அதுக்கு அவர்கள் வைத்த பேர் "சன்ஷைன்". சூரிய ஒளி! பேர் வைக்கிறதில் அரசுகளுக்கு ஒரு தனித் திறமை இருக்கு, எங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கு.

எலும்பு வேணும். அதுவும் பச்சைப் பிள்ளைகளின் எலும்பு. ஐம்பது வயது ஆளின் எலும்பில் இருக்கிற கல்சியம் குண்டு வெடிக்கிறதுக்கு முதலே சேர்ந்தது. பிறந்த பிள்ளையின் எலும்போ நேற்றுக் கட்டினது, அதில் இண்டைய காற்றும் பாலும் இருக்கும். ஆகவே இறந்து பிறந்த பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆரம்பத் தொகுப்பின் கணக்கு பதிவில் இருக்கு: சிக்காகோவிலிருந்து 55, யூட்டாவிலிருந்து ஒன்று, இந்தியாவிலிருந்து மூன்று.

இந்தியாவிலிருந்து மூன்று. நான் இதை நூலகத்தில் வாசித்த அன்று அடுத்த பக்கத்துக்குப் போக முடியேல்லை. யாருடைய பிள்ளைகள்? எந்த ஊர்? தாய்மாருக்கு என்ன சொன்னார்கள்? அந்தப் பட்டியலில் "மூன்று" மட்டும்தான்.

வெளிநாட்டு மருத்துவர்களிடம் எலும்பு கேட்கும்போது உண்மையைச் சொல்லவில்லை. இயற்கையாக உடம்பில் இருக்கிற ரேடியத்தை அளக்கிறோம் என்று ஒரு கதை கட்டிக் கொடுத்தார்கள். 1955 ஜனவரியில் நடந்த ஒரு மூடிய கூட்டத்தின் எழுத்துப்பதிவு நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1995-இல் வெளியில் வந்தது. கிளின்டன் அமைத்த ஆலோசனைக் குழு, மனிதர்கள் மேல் நடந்த கதிரியக்கப் பரிசோதனைகளை விசாரித்தபோது கிடைத்தது. அதில் வில்லார்ட் லிபி பேசுகிறார். லிபி யார் தெரியுமா? கார்பன் 14 வைத்துப் பழம்பொருள்களின் வயதைக் கணிக்கிற முறையைக் கண்டுபிடித்தவர். 1960-இல் நோபல் பரிசு. கீழடியில் கிடைத்ததின் வயதைப் பெருமையாகச் சொல்லும்போது நாங்கள் நம்பியிருப்பது அவர் முறையைத்தான். அந்தக் கூட்டத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: பிள்ளைகளின் மாதிரிகள் போதவில்லை, பிணம் திருடத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அவர் நாட்டுக்குச் சேவை செய்தவராவார். பிணம் திருடுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க ஒரு விலைகூடிய சட்ட நிறுவனத்தை அமர்த்தினதாகவும் சொல்கிறார்.

அதே கூட்டத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி கல்ப் பேசினார். ஹூஸ்டன் நகரம் வசதியான இடம் என்றார். அங்கே இந்த மாதிரி விதிகள் கிடையாதாம், ஏழைகளும் நிறையப் பேராம்.

தோழர்களே, நாங்கள் வர்க்கம் என்று வாசிப்பு வட்டத்தில் எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறம். எனக்கு அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது. எந்தப் பிள்ளையின் எலும்பை இலேசாக எடுக்கலாம் என்பதற்கு அவர்களுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது, வறுமையின் வரைபடம் ஏற்கனவே தயாராக இருந்தது.

பிரித்தானியாவும் சும்மா இருக்கேல்லை. ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் மனித எலும்பில் ஸ்ட்ரொன்சியத்தை அளந்தார்கள். இந்த நாட்டில் ஒரு தாய்க்கு, இறந்து பிறந்த தன் மகளுக்குக் கடைசியாக ஒரு சட்டை போட்டுவிட அனுமதி மறுக்கப்பட்டது. கால்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன என்பது அவவுக்குப் பல வருஷத்துக்குப் பிறகுதான் தெரியும். ஆஸ்திரேலியாவில் 1957 முதல் 1978 வரை ஏறத்தாழ 22,000 இறந்தவர்களிடமிருந்து எலும்பு எடுத்தார்கள், குடும்பங்களைக் கேட்கவில்லை. அங்கே மரலிங்காவில் ஆதிகுடிகளின் நிலத்தில் குண்டு வெடித்தது பிரித்தானியா. குண்டு ஒருத்தருடையது, நிலம் இன்னொருத்தருடையது, எலும்பு எல்லாருடையதும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் பேச்சு இலேசாக முடியும். விஞ்ஞானம் கெட்டது, அரசு கெட்டது, வீட்டுக்குப் போவோம். ஆனால் அதே காலத்தில், அதே பொருளை, அதே வயதுப் பிள்ளைகளில் வேறொரு விதமாகவும் அளந்தார்கள்.

பாற்பல். பாற்பல்லின் மேற்பகுதி தாயின் வயிற்றிலும் பிறந்த முதல் வருஷத்திலும் உருவாகிறது. அதுக்குப் பிறகு அதிலுள்ள கல்சியம் பெரிதாக மாறாது. ஆறு, ஏழு வயதில் விழுகிற பல் அந்தப் பிள்ளை பிறந்த காலத்தின் பதிவேடு. யாரையும் வெட்டத் தேவையில்லை, யாரும் சாகத் தேவையில்லை. 1958 முடிவில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பரி கொமனர் போன்ற விஞ்ஞானிகளும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து பற்களைக் கேட்கத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தினவர் லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர். பள்ளிக்கூடம், தேவாலயம், நூலகம், பல் வைத்தியரின் அறை எல்லா இடத்திலும் படிவம். பல் அனுப்பின பிள்ளைக்கு, விஞ்ஞானத்துக்குப் பல் கொடுத்தேன் என்று எழுதின ஒரு சட்டைப் பொத்தான். நாங்கள் விழுந்த பல்லைக் கூரையில எறிஞ்சு அணிலிட்டப் புதுப்பல் கேட்ட மாதிரி, அந்த ஊர்ப் பிள்ளைகள் தபாலில போட்டார்கள். 1970 வரையில் சேர்ந்தது ஏறத்தாழ 3,20,000 பற்கள்.

1961-இல் முதல் முடிவுகள் வந்தன. 1950களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளில், வருஷம் போகப் போக ஸ்ட்ரொன்சியம் ஏறியிருந்தது. அதே வருஷம் நவம்பர் 1-ஆம் திகதி அமெரிக்க நகரங்களில் பல்லாயிரம் பெண்கள் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1963 ஓகஸ்டில் திறந்த வெளி அணுச் சோதனைகளை நிறுத்தும் ஒப்பந்தம் மொஸ்கோவில் கையெழுத்தானது. பல்லால் மட்டும் ஒப்பந்தம் வந்தது என்று நான் சொல்ல மாட்டன். கியூபா நெருக்கடி இருந்தது, வல்லரசுகளுக்குத் தங்கள் கணக்கு இருந்தது, நிலத்துக்கடியில் வெடிப்பது தொடர்ந்தது. ஆனால் "உங்கட பிள்ளையின்ட பல்லுக்க குண்டு இருக்கு" எண்டு ஒரு தாய்க்குச் சொல்லக்கூடிய ஆதாரம், இரகசியத் திட்டத்திலிருந்து வரேல்லை. தாய்மாரே சேர்த்ததிலிருந்து வந்தது.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கு. 2001-இல் அந்தப் பற்களில் ஏறத்தாழ 85,000 பற்கள் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றோடும் பிள்ளையின் விவரம் எழுதின அட்டை. இப்போது ஹார்வர்டில் அவற்றை வைத்து வேறு கேள்விகள் கேட்கிறார்கள், ஈயம் போன்ற உலோகங்களும் முதுமையில் வருகிற நோய்களும் என்று. ஆறு வயதில் குண்டை நிறுத்தக் கொடுத்த பல், எழுபது வயதில் வேறு ஆராய்ச்சிக்குப் போகுது. பல்லின் சொந்தக்காரரைத் தேடித்தான் செய்கிறார்கள், அது முக்கியம். கொடுத்த பொருள் ஒருநாளும் ஒரு கேள்வியோட முடியாது என்பதைத்தான் நான் சொல்ல வாறன்.

சந்திப்பில் ஒரு தோழர் கேட்டார், இப்படி எடுத்த இலக்கங்களை நாங்கள் ஏன் இன்னும் பாவிக்க வேணும், தூக்கி எறியக் கூடாதா என்று. என்னால் அதுக்கு ஓம் சொல்ல முடியாது. தம்பி இருக்கிறான்.

இருபத்தெட்டுக் கிழமையில் பிறந்த ஒரு பிள்ளை ஒரு கிலோ அளவு இருக்கும். உடம்பில் கல்சியம் ஆறு கிராம் அளவுதான். மாதம் நிறையும்போது 28 கிராம் இருக்க வேணும். மிச்சம் அத்தனையும் கடைசிப் பன்னிரண்டு கிழமையில் தாயின் வயிற்றுக்குள் சேர வேண்டியது, சராசரியாக ஒரு நாளைக்குக் கால் கிராம். அந்தப் பிள்ளை வெளியில் வந்துவிட்டது. தாய்ப்பாலில் ஒரு லீற்றருக்குக் கல்சியம் 300 மில்லிகிராமை எட்டாது. ஒரு கிலோப் பிள்ளை குடிக்கிறதோ நாளைக்கு 150, 180 மில்லிலீற்றர். கணக்குப் போட்டுப் பாருங்கள், வயிற்றுக்குள் கிடைத்திருக்க வேண்டியதில் பாதிகூட வராது. எலும்பு மெலிந்து, சில பிள்ளைகளுக்கு விலா எலும்பு தூக்கும்போதே முறியும். அதனால்தான் தாய்ப்பாலில் ஒரு தூளைக் கலந்து கொடுக்கிறார்கள். எவ்வளவு கலப்பது? 1976-இல் அமெரிக்காவின் ஐயோவாவில் சீக்லரும் ஃபோமனும் கூட்டாளிகளும், அதுவரை சாம்பலாக்கப்பட்ட கருக்களின் அளவுகளை எல்லாம் சேர்த்து, ஒரு "ஆதாரக் கரு"வைக் கணக்கில் உண்டாக்கினார்கள். எந்தக் கிழமையில் எவ்வளவு கல்சியம், எவ்வளவு பொஸ்பரஸ் என்று. அந்தத் தூளின் அளவு அந்த வழியில் வந்தது.

அம்மா கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பால் எடுத்துக் கொடுத்ததும், தாதி சின்னப் பைக்கற்றை வெட்டிக் கொட்டினதும் எனக்கு நல்ல ஞாபகம். தம்பி இப்ப ஆறடி. போன கோடையில் கிரிக்கெட் விளையாடி விழுந்து கை முறியாமல் எழும்பி வந்தான். அவனுடைய எலும்புக்குள் பேர் தெரியாத பிள்ளைகளின் கணக்கு இருக்கு. ஹைதராபாத்தோ, கேம்பிரிட்ஜோ, எனக்குத் தெரியாது. அதை எறி என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த நாட்டில் எங்கட ஆக்களின் எலும்பைப் பற்றி இன்னொரு பழைய கதையும் இருக்கு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1960, 70களில் தெற்காசியக் குடும்பங்களில் எலும்பு மெலிவு நோய் கூடுதலாகக் காணப்பட்டது. கறுத்த தோல், வெயில் இல்லாத நாடு, வைட்டமின் டி போதாது. போர்க் காலத்தில் வெள்ளை மக்களுக்கு இதே பிரச்சினை வரக்கூடாது என்று மார்ஜரினில் வைட்டமினைக் கலந்துவிட்டார்கள், ஒருத்தரையும் பாடம் படிக்கச் சொல்லவில்லை. ஆசியர்களின் முறை வந்தபோது, சப்பாத்தி மாவில் கலக்கும் யோசனை ஏற்கப்படவில்லை. 1981-இல் ஒரு பிரசாரம் தொடங்கி, உங்கட சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றுங்கோ என்ற தொனியில் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். கிளாஸ்கோவில் வைட்டமின் துளியை இலவசமாகக் கொடுத்தபோது நோய் குறைந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆகவே எங்கட பிள்ளைகளின் எலும்பை அளப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்க வேணும். இப்ப உலையும் அமிலமும் இல்லை. பிள்ளையைச் சுற்றி, நித்திரையாக்கி, சில நிமிஷம் படுக்க வைத்து, இரண்டு விதச் சக்தியில் மிகக் குறைந்த எக்ஸ்ரே அனுப்புவார்கள். எலும்பு எவ்வளவு தடுத்தது என்பதிலிருந்து கிராம் கணக்கு வரும். பிள்ளைக்கு நோகாது. ஆபத்து மிக மிகக் குறைவு. நான் வார்டில் அந்த அக்காவுக்குச் சொன்னதில் இந்தப் பகுதி முழுக்க உண்மை.

அன்று இரவு நித்திரை வரேல்லை. அடுத்த நாள் வேலை இல்லாத நாள், ஆனாலும் போனேன். அக்கா பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டிருந்தா. "அக்கா, நேற்று நான் ஒண்டு பிழையாச் சொல்லிப்போட்டன். இந்த ஸ்கானால உங்கட பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்கு உதவலாம். வேண்டாம் எண்டால் இப்பவே நிப்பாட்டலாம், பிள்ளையின்ட வைத்தியத்தில ஒண்டும் மாறாது."

அவ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசேல்லை. பிறகு, "நேற்றே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" எண்டா. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கூட உறைச்சது. "வேண்டாம். இந்தப் பிள்ளையை எத்தினை பேர் தொட்டிட்டினம். காணும்."

நான் போய்ப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆராய்ச்சித் தாதிக்குச் சந்தோஷம் இல்லை. அவவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டன். அந்த ஆய்வில் தெற்காசியப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒவ்வொரு "வேண்டாம்"-உம் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும். அடுத்த முறை ஒரு அட்டவணை எழுதும்போது அது வெள்ளைப் பிள்ளைகளின் எலும்பை வைத்து எழுதப்படும். எங்கட பிள்ளைகள் அதில் "குறைவு" என்று வருவார்கள், திரும்ப எங்கட சாப்பாட்டைக் குற்றம் சொல்லுவார்கள். இதுக்கு எனக்கு இன்னும் விடை இல்லை. அந்த அக்காவின் "காணும்" சரி. அட்டவணையில் எங்கட பிள்ளைகள் இருக்க வேணும் என்பதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கு.

நான் திரும்பப் போகும்போது அக்கா கூப்பிட்டா. "தங்கச்சி, கவுன்சில்ல இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. வீடு விஷயம். வாசிச்சுச் சொல்லுறீங்களோ?" வாசித்துச் சொன்னேன். ஈரப்பூஞ்சை பிடித்த வீட்டை மாற்றித் தரக் கேட்டிருந்தா. இல்லை என்று பதில் வந்திருந்தது. அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றி அந்த வாரம் வந்த தாள்களில் மிக முக்கியமானது அந்தக் கடிதம்தான். அதை விளங்கப்படுத்த அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் காசு கொடுத்து ஆள் வைத்திருக்கேல்லை.

இரண்டு விஷயம் உங்களிடம் கேட்கிறேன். ஒன்று, அந்த வீட்டு மேன்முறையீட்டுக்கு எங்கட குழுவில் இரண்டு பேர் ஏற்கனவே உதவுகிறார்கள், வீட்டுச் சட்டம் தெரிந்த இன்னொரு ஆள் வேணும். இரண்டு, ஆராய்ச்சி என்றால் என்ன, "எனக்கா, படிப்புக்கா" என்று கையெழுத்துக்கு முதல் எப்படிக் கேட்பது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, கொடுத்ததை எப்படித் திருப்பி எடுப்பது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் எழுதியிருக்கிறேன். முதல் வரைவை அம்மாவிடம் கொடுத்தேன், மூன்று இடத்தில் விளங்கேல்லை எண்டு கோடு போட்டுத் தந்தா. நீங்களும் உங்கட அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அக்கா யாரிடமாவது கொடுத்து, எங்கை விளங்கேல்லை எண்டு கோடு போட்டு வாங்கி அனுப்புங்கோ. "கனிமம்" எண்ட சொல்லை எடுத்திட்டன்.